முகம் மறந்த பாட்டு

சென்ற பங்குனி உத்திரத்துக்கு நாம் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தோம். திருவண்ணாமலையில் பஸ் ஏறினால், வழியெல்லாம் மணிலாக் கொல்லைகளும், யாரோ அடுக்கிவைத்து மறந்துபோன மாதிரி பாறைக் குன்றுகளுமாக வந்துகொண்டே இருக்கும். சித்தகிரி முருகனைத் தரிசித்துவிட்டு அன்றிரவு நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நண்பரின் பெண், கல்லூரியில் படிப்பவள், பாட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பெண்ணும் வழக்கம்போல் ஐந்து நிமிஷம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு நன்றாகவே பாடினாள்.

அவள் எடுத்துக்கொண்டது பாரதியாரின் கண்ணன் பாட்டில் ஒன்று. காதலனின் முகம் தனக்கு மறந்துபோய்விட்டது என்று ஒரு பெண் தோழியிடம் முறையிடும் பாட்டு. இதைச் சொன்னவுடனே நேயர்களில் பாதிப் பேருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரிந்திருக்கும்; மற்றப் பாதிப் பேர் இதற்குள் அதை முணுமுணுக்கவே ஆரம்பித்திருப்பார்கள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது, தூணோரமாக உட்கார்ந்திருந்த நண்பரின் பெரியம்மா மெல்ல எழுந்தார். எண்பத்தாறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெண் பாட்டை நிறுத்தினாள். கூடத்தில் ஒரு சங்கடம் பரவிற்று.

"பெரியவங்க எதிரிலே காதல் பாட்டு எதுக்கும்மா? பாரதியார் எத்தனை தேசியப் பாட்டுப் பாடியிருக்கிறார்! அதிலே ஒன்று பாடக் கூடாதா?" என்றார் நண்பர்.

"இதுவும் அவர் பாடினதுதானேப்பா?" என்றாள் பெண்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றியது. ஆகையால், பெரிய மனிதர்கள் செய்வதுபோல் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி இரவெல்லாம் நம்மை விடவில்லை.

*

பாரதியாரை நாம் எப்படி அறிந்திருக்கிறோம்? முண்டாசு, முறுக்கிய மீசை, கனல் பறக்கும் கண்கள். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு மை தீட்டி, கோட்டு மாட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து மேடையில் நிறுத்துகிறோமே, அந்த பாரதியார். அச்சத்தை விரட்டியவர், கொடியைப் பாடியவர். இதெல்லாம் உண்மை. ஆயினும் அதே மனிதர், மனம் உடைந்த ஒரு பெண்ணின் வாயாக இருந்து பாடிய பாட்டுக்களும் உண்டு. அவற்றைத் தேசியப் பாட்டுக்களுக்குப் பின்னால், கொஞ்சம் கூச்சத்தோடு, மறைத்து வைத்திருக்கிறோம்.

கண்ணன் பாட்டு 1917-ஆம் ஆண்டில் பரலி சு. நெல்லையப்பரால் முதன்முதலில் வெளியிடப்பட்டது. மொத்தம் 23 பாட்டுக்கள். கண்ணன் அவற்றில் தோழனாகிறான், தாயாகிறான், தந்தையாகிறான், சேவகனாகிறான், அரசனாகிறான், சீடனாகிறான், குருவாகிறான். அவற்றின் நடுவே, "கண்ணன் - என் காதலன்" என்ற தலைப்பில் ஐந்து பாட்டுக்கள் வருகின்றன. ஐந்தும் பெண் பாடுபவை. தூண்டிற் புழு, உறக்கமும் விழிப்பும், காட்டிலே தேடுதல், பாங்கியைத் தூது விடுத்தல், பிரிவாற்றாமை என்று அவற்றுக்குத் தனித் தலைப்புக்களும் உண்டு. தலைப்புக்களை வரிசையாகப் படித்தாலே ஒரு கதை தெரிகிறதல்லவா?

முதற்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சாப்பாடு செல்லவில்லை, தூக்கம் வரவில்லை, வளர்த்த கிளியின் பேச்சுக்கூடக் காதைக் குத்துகிறது. வைத்தியர்கள் வந்து பார்த்துக் கைவிடுகிறார்கள். ஜோசியரோ கிரகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறார். (இந்த இடத்தில் பாரதியார் கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்.) கடைசியில் ஒரு கனவில், கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒருவன் அவள் உள்ளத்தைத் தொட்டுவிட்டுப் போகிறான். அந்தத் தொடுதல் ஒன்றினால் உலகமே இனிக்கத் தொடங்குகிறது.

நான்காம் பாட்டில் நிலைமை வேறு. அவன் வரவில்லை. தோழியைத் தூது அனுப்புகிறாள். ஆற்றங்கரையில் தனியே அழைத்து அவன் பேசியதையெல்லாம் ஊரறியப் பறைசாற்றிவிடுவேன் என்று மிரட்டச் சொல்கிறாள். அந்த மிரட்டலுக்குள்ளே இருப்பது கெஞ்சல் என்று தோழிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இறுதியில் அவள் கேட்பது மிகச் சிறிய விஷயம்: ஆம் என்றோ இல்லை என்றோ முடிவாக ஒரு சொல். அது கிடைத்துவிட்டால் அப்புறம் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறாள். கைவிடப்பட்டவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். மறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம், பதிலே வராமல் இருப்பதைத் தாங்க முடிவதில்லை.

ஐந்தாவதுதான் அவலூர்பேட்டைப் பெண் பாடிய பாட்டு. இங்கே மிரட்டல் இல்லை, தூது இல்லை, கோபமும் இல்லை. ஒரே ஒரு திடுக்கிடல் இருக்கிறது: அன்பு அப்படியே இருக்கிறது, ஆனால் முகம் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடினால் ஏதோ ஓர் உருவம் தெரிகிறது. அதில் அவனுடைய அழகு முழுவதும் இல்லை. முகம் வந்தால் சிரிப்பு வரவில்லை. தேனை மறந்த வண்டும், வெளிச்சத்தை மறந்த பூவும், மழை தரும் வானத்தை மறந்த பயிரும் உலகில் எங்காவது இருக்குமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். பார்த்துக்கொள்ள ஒரு படமும் கையில் இல்லையே, இனி எப்படி வாழ்வது என்கிறாள்.

பிரிவைப் பாடிய புலவர்கள் நம் மொழியில் ஆயிரம் பேர் உண்டு. சங்கப் புலவர்கள் அதற்கென்று பாலைத் திணையையே ஒதுக்கினார்கள். ஆண்டாள் பாடினாள்; நம்மாழ்வார் பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடினார். பெரும்பாலும் இவர்களுடைய துன்பம், காதலனை மறக்க முடியவில்லையே என்பது. பாரதியார் அதைத் திருப்பிப் போட்டார். மறக்க மாட்டோம் என்று நம்பியிருந்ததை மறந்துவிட்டோமே என்பதுதான் இவருடைய பெண்ணின் துன்பம். அதில் துயரத்தோடு குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கிறது. அதனால்தான் அது நெஞ்சில் வேறோர் இடத்தில் தைக்கிறது.

*

இந்தத் துன்பம் அவருக்கு எங்கிருந்து வந்தது? கவிஞருடைய பாட்டுக்கெல்லாம் அவர் வாழ்க்கையில் காரணம் தேடுவது அவ்வளவு நல்ல பழக்கம் அல்ல. ஆயினும் பாரதியாரே நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். 1910-ஆம் ஆண்டில் "கனவு" என்ற பெயரில் தம் சுயசரிதையைச் செய்யுளாக வெளியிட்டார். அதில் "பிள்ளைக் காதல்" என்று ஒரு பகுதி. தமக்குப் பத்து வயதாயிருந்தபோது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் கொண்ட அன்பை அங்கே மறைக்காமல் சொல்கிறார். அவளைக் காளிதாஸனுடைய சகுந்தலைக்கு ஒப்பிடுகிறார். பிறகு தந்தையார் வேறொரு பெண்ணை மணம் செய்துவைத்ததையும், அந்த மணத்தை அன்று தாம் ஒரு வேடிக்கையாகவே எண்ணியதையும் சொல்கிறார். இத்தாலியக் கவி தாந்தே, பெயாத்ரிஸை முதன்முதலில் கண்டபோது அவனுக்கும் ஒன்பது வயதுதான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அவன் அந்தப் பார்வையிலிருந்து ஒரு பெருங்காவியத்தையே கட்டினான். நம் கவிஞர் அதைச் சில செய்யுட்களில் சொல்லி, கனவு என்று பெயரிட்டு மூடிவைத்தார்.

அப்போது அவர் இருந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1908-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனவர், 1918 நவம்பர் வரையில் அங்கே இருந்தார். எல்லையைத் தாண்டினால் சிறை. அப்படியே நடக்கவும் நடந்தது. தாண்டியவுடன் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். பத்து வருஷம் சொந்த ஊரைப் பார்க்காத ஒருவருக்கு, எத்தனை முகங்கள் மங்கிப்போயிருக்கும்! கண்ணன் பாட்டு அந்தப் பத்து வருஷத்தின் பயிர்.

இந்தப் பாட்டுக்களைப் பாரதியார் காகிதத்தில் எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. தாமே மெட்டமைத்துத் தாமே பாடினார். புஸ்தகத்திலேயே பாட்டுக்களுக்கு ராகம், தாளம், ரஸம் இவற்றைக் குறித்திருக்கிறார். தூண்டிற் புழு செஞ்சுருட்டி. காட்டிலே தேடுவது இந்துஸ்தானித் தோடி. தோழியைத் தூது விடுப்பதோ தங்கப்பாட்டு என்னும் நாட்டு மெட்டு. புதுச்சேரியில் உடனிருந்த வ. வே. சு. ஐயர், கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், கடற்கரையில் மாலை வேளையில் கவி தம் பாட்டைத் தாமே பாடக் கேட்ட இன்பத்தை வியந்து சொல்கிறார். ஐயர் எளிதில் உருகிவிடுகிற மனிதர் அல்ல. கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்தி எடை பார்த்தவர். அவரே வியந்தார் என்றால் அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

முகம் மறந்த பாட்டுக்கு அவர் குறித்த ராகம் பிலஹரி. இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். பிலஹரி காலை வேளைக்கு உரிய, உற்சாகமான ராகம் என்பது வித்வான்களின் அபிப்பிராயம். அழுகைக்கு யாரும் அதைத் தேடிப் போவதில்லை. இன்று மேடைகளில் பெரும்பாலும் இப்பாட்டை ஜோன்புரியில் கேட்கிறோம். ஜோன்புரியில் மனம் உருகுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிலஹரியில் பாடிப் பார்த்தால் அந்தப் பெண் வேறொருத்தியாகிறாள். விடியற்காலையில் கண் விழித்து, முகத்தை நினைத்துப் பார்த்து, அது இல்லாதது கண்டு "அட!" என்று திகைக்கிறாள். அழுகை இன்னும் வரவில்லை, வரப் போகிறது. கவியின் காதில் கேட்டது அந்த நிமிஷமாக இருக்கலாம்.

ரஸ விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பொருள் தெரியாமல் பழைய பாட்டுக்களையே திரும்பத் திரும்பப் பாடும் வித்வான்களைக் கடிந்துகொள்கிறார். சோகமும் வீரமும் காதலும் ஒரே மாதிரி ஒலித்தால் அது சங்கீதம் ஆகுமா என்பது அவர் கவலை. குயில் பாட்டிலே, எந்தெந்தப் பாட்டுக்களில் நெஞ்சைப் பறிகொடுத்தேன் என்று குயில் ஒரு பட்டியல் சொல்கிறது. ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் பாட்டு, சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, வளைக்கரம் கொட்டிக் கும்மி அடிப்பவர் பாட்டு எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் குயில் அன்று செஞ்சிப் பக்கம் பறந்து வந்திருந்தாலும் அதே பாட்டுக்களைக் கேட்டிருக்கும்.

*

செஞ்சிப் பக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மனமுடைந்த பாட்டுக்கு இந்தச் சீமை புதியதல்ல. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது, இருபத்திரண்டே வயதில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப் பாடல் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்திருக்கிறது. கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து, மணக்கோலத்தோடு போர்க்களத்துக்கு ஓடிவந்து நண்பனோடு உயிர்விட்ட முஸ்லிம் தோழனும் அதில் வருகிறான். கணவனோடு தீயில் இறங்கிய இளம் ராணியின் நினைவாகவே ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது. வீரக் கதை என்று சொல்லிக்கொண்டாலும், பாடுகிறவர் குரல் தழுதழுப்பது வாள்வீச்சு வரும் இடத்தில் அல்ல, விடைபெறும் இடத்திலேதான். வீரமும் மனமுடைவும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றன. பாரதியார் அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த கதவைத் திறந்துவைத்தார், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுக்களுக்கு நேர்ந்த இன்னொரு கதையையும் நேயர்கள் அறிய வேண்டும். பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். அவர் பாட்டுக்களின் உரிமைகள் பிறகு பல கைகளுக்குப் போயின. ஒலிப்பதிவு உரிமை படமுதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948-ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் பில்ஹணன் என்ற படத்தை வெளியிட்டார்கள். திரைக்கு இந்தப் புறம் ஆசிரியரும் அந்தப் புறம் ராஜகுமாரியும் அமர்ந்து பாடம் நடக்க, அந்தத் திரையையும் மீறிக் காதல் வளர்ந்த கதை. அதில் தூண்டிற் புழுப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். அதன்மேல் வழக்கு எழுந்தது.

தேசத்துக்காகப் பாடியவரின் பாட்டைத் தேசத்தார் பாடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று தமிழ்நாடு முழுவதும் கேட்கத் தொடங்கியது. பாரதியார் பாட்டுக்களுக்கு விடுதலை வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ச்சி செய்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். செட்டியார் பணம் ஒன்றும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ஆம் ஆண்டில் அரசாங்கம் உரிமைகளைப் பெற்றது. பிறகு அவை பொதுமக்களுக்கே உரியவை ஆயின. ஒரு கவியின் எழுத்தை நாட்டின் பொதுச் சொத்தாக்கிய இந்தப் பெரிய காரியத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது கொடிப் பாட்டு அல்ல, போர்ப் பாட்டு அல்ல. தூக்கம் வராமல் தவித்த ஒரு பெண்ணின் பாட்டு! நம் நண்பர் இதை அறிந்திருந்தால், "தேசியப் பாட்டு ஒன்று பாடக் கூடாதா?" என்று அன்று கேட்டிருக்க மாட்டார்.

*

மறுநாள் விடியற்காலையில் நாம் எழுந்து முற்றத்துக்கு வந்தபோது, பெரியம்மா திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தார். இரவு நடந்ததற்காக மன்னிப்புக் கேட்பதுபோல், "சின்னப் பெண், தெரியாமல் பாடிவிட்டாள்" என்றோம்.

"அவ நல்லாத்தான் பாடினா, தம்பி" என்றார் பெரியம்மா.

சற்று நேரம் கழித்துத் தாமாகவே பேசினார். பதினெட்டு வயதில் கலியாணம். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் கணவர் போய்விட்டார். குழந்தை இல்லை. கலியாணத்தன்று எடுத்த படம் ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறி அதை அரித்துவிட்டது. அதற்கும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"நெத்தி ஞாபகம் இருக்கு. கையி ஞாபகம் இருக்கு. நடந்து வர்ற சத்தம்கூட இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா முகம் மட்டும் வரமாட்டேங்குது" என்றார். "இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா, தம்பி? கட்டினவர் முகத்தையே மறந்துட்டா பாருன்னு பேசமாட்டாங்களா? நான் என்னவோ பாவம் பண்ணிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி அந்தப் புள்ள பாடறப்போதான் தெரிஞ்சுது, வேற யாருக்கோ கூட இப்படி ஆயிருக்குன்னு. அழுகை வந்துட்டுது. சின்னவங்க எதிரிலே அழுவானேன்னு உள்ளே போனேன்."

நாம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? பாரதியார் மறைந்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அவர் பெண் வேஷம் போட்டுக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தை, ஒரு கிழவியின் நெஞ்சிலிருந்த முள்ளை அன்றிரவு எடுத்திருக்கிறது. காதல் பாட்டுப் பெரியவர்கள் எதிரில் பாடத் தகுமா என்று இனி யாராவது நம்மைக் கேட்டால், பெரியவர்களையே கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லுவோம்.

இன்றைக்குக் குழந்தைகள் கைப்பேசியில் ஆளுக்கு ஆயிரம் படம் வைத்திருக்கிறார்கள். முகம் மறந்துபோகும் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. இருந்தும் அந்தப் பாட்டை அவர்களும் பாடுகிறார்கள். பாடும்போது கண் கலங்குகிறார்கள். படம் இருந்தாலும் மறக்கக்கூடியவை வேறு பல உண்டு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பாரதியாருடைய முகம் நமக்கு மறக்கவில்லை. ஒரு சில புகைப்படங்களின் புண்ணியத்தால், நாட்காட்டியிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் தினமும் அதைப் பார்க்கிறோம். மறைந்துபோனது அவருடைய குரல். இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்துவிட்ட காலத்திலேதான் அவர் வாழ்ந்தார். ஆயினும், கடற்கரையில் ஐயர் கேட்டு வியந்த அந்தக் குரலை எந்தத் தட்டும் பிடித்து வைக்கவில்லை. பிலஹரியில் அவர் அதை எப்படி எடுத்தார், எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே குரல் தழுதழுத்தது, ஒன்றும் நமக்குத் தெரியாது.

நாம் புறப்படும் சமயம், பெரியம்மா பேத்தியைக் கூப்பிட்டார்.

"நேத்து பாதியிலே விட்டியே, அதைப் பூராவும் ஒரு தரம் பாடு, கேப்போம்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். நாம் அடுத்த பஸ்ஸில் போவதாகச் சொல்லித் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.